மிசிசிப்பிக்குக் குடிபோய் நான்கு மாதம்: ஓட்டுப் போட ஒரு வருடம் காத்திருக்க வேண்டுமா?

உங்கள் அக்கா மகன் டெக்சாசில் பல வருடம் வேலை பார்த்து, அமெரிக்கக் குடியுரிமையும் வாங்கி, நான்கு மாதத்துக்கு முன் மிசிசிப்பி மாநிலத்தின் ஸ்டார்க்வில்லுக்கு வேலை மாறியிருக்கிறார். அந்த மாநில அரசமைப்புச் சட்டத்தைத் திறந்து பார்த்தால் 241ஆம் பிரிவில் மாநிலத்தில் ஒரு வருடம், கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) ஒரு வருடம், வாக்குச்சாவடி எல்லைக்குள் ஆறு மாதம் குடியிருந்தவர்தான் வாக்காளர் என்று போட்டிருக்கிறது. கூட வேலை செய்பவரோ முப்பது நாள் போதும் என்கிறார். யார் சொல்வது சரி, ஒரே நாட்டுக்குள் ஓட்டுரிமை எப்படி மாநிலத்துக்கு மாநிலம் மாறும், மனைவி கிரீன் கார்டில் இருக்கிறாரே அவருக்கு என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கெல்லாம் அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. சட்டப் புத்தகத்தில் கண்ணெதிரே அச்சாகியிருக்கும் வரியை நம்பலாமா, கூடாதா? அதுதான் கஷ்டமான கேள்வி, பதில் நீள்வதற்கும் அதுதான் காரணம்.

முதலில் விடை. கூட வேலை செய்பவர் சொன்னதே நடப்பு. தேர்தலுக்கு 30 நாள் முன்பாகப் பதிவு செய்துகொண்டால் உங்கள் அக்கா மகன் ஓட்டுப் போடலாம். நீங்கள் படித்த வரியும் பொய்யில்லை. அது இன்னும் அங்கேயே அச்சில் இருக்கிறது, உயிர்தான் இல்லை. நான் சென்னையில் சட்டம் படித்து, இருபது வருடத்துக்கும் மேலாக ஒப்பீட்டு அரசமைப்புச் சட்டம் நடத்தியவன். மிசிசிப்பி நீதிமன்றத்தில் வழக்காடும் உரிமம் எனக்குக் கிடையாது. ஆகவே சட்டம் எப்படி இயங்குகிறது என்பதை உறுதியாகச் சொல்வேன். உங்கள் வீட்டுப் பையனின் சொந்த நிலவரத்தை அவருடைய கவுண்டியில் வாக்காளர் பதிவைக் கவனிக்கும் சர்க்யூட் கிளார்க் அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஸ்டார்க்வில் என்றால் அது ஆக்டிபெஹா கவுண்டி.

நமக்கு இது புதிராகத் தோன்றுவதற்குக் காரணம் 326ஆம் பிரிவு. இந்திய அரசமைப்பு ஒரே வாக்கியத்தில் மக்களவைக்கும் எல்லாச் சட்டமன்றங்களுக்கும் வயதுவந்தோர் வாக்குரிமையைக் கொடுத்துவிட்டது. மாநிலங்களுக்குத் தனி அரசமைப்பே கிடையாது. ஒரு விதிவிலக்கு இருந்தது. ஜம்மு காஷ்மீருக்கு 1957 முதல் 2019 வரை சொந்த அரசமைப்பு உண்டு. அதன்படி நிரந்தரக் குடிவாசிகள் மட்டுமே சட்டமன்றத்துக்கு ஓட்டுப் போடலாம். பிரிவினையின்போது மேற்குப் பாகிஸ்தானிலிருந்து ஜம்முவுக்கு வந்த அகதிக் குடும்பங்கள் மக்களவைத் தேர்தலில் வரிசையில் நிற்பார்கள், சட்டமன்றத் தேர்தலில் வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள். வகுப்பில் இந்த உதாரணத்தைச் சொன்ன பிறகுதான் மாணவர்களுக்கு அமெரிக்க ஏற்பாடு பிடிபடும். மாநில அரசமைப்பு என்று ஒன்று தனியாக இருந்தால், யார் வாக்காளர் என்பதையும் அதுதான் எழுதும்.

அமெரிக்காவில் அப்படித்தான். 1787இல் எழுதிய கூட்டாட்சி அரசமைப்பு யாருக்கு ஓட்டு என்று சொல்லவே இல்லை. மாநிலச் சட்டமன்றத்தின் பெரிய அவைக்கு யார் வாக்களிக்கலாமோ அவர்களே பிரதிநிதிகள் சபைக்கும் வாக்களிக்கலாம் என்று பந்தை மாநிலங்களின் பக்கம் தள்ளிவிட்டது. பின்னால் வந்த திருத்தங்கள் எல்லாம் 'இந்தக் காரணம் காட்டி மறுக்காதே' என்ற தடைகள்தான். 1870இல் இனம், 1920இல் பால், 1964இல் கூட்டாட்சித் தேர்தல்களில் வரி பாக்கி, 1971இல் பதினெட்டு வயது நிறைந்தவரின் வயது. இந்தத் தடைகளுக்கு உட்பட்டு ஒவ்வொரு மாநிலமும் தன் விதியைத் தானே எழுதிக்கொள்கிறது. பெண்களுக்கு வாக்குரிமை தந்த 1920 திருத்தத்துக்கு மிசிசிப்பி சம்பிரதாய ஒப்புதல் தந்தது எப்போது தெரியுமா? 1984இல்.

இப்போது அந்த ஒரு வருட விதி. அதைக் கொன்றவர் ஒரு சட்டப் பேராசிரியர். ஜேம்ஸ் பிளம்ஸ்டீன் 1970 ஜூனில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர டென்னசி மாநிலத்து நாஷ்வில்லுக்கு வந்தார். உங்கள் அக்கா மகனின் கதைதான். ஜூலை 1ஆம் தேதி பதிவு செய்யப் போனார், மாநிலத்தில் ஒரு வருடமும் கவுண்டியில் மூன்று மாதமும் ஆகவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். வழக்குப் போட்டார். 1972இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. புதிதாக வந்தவன் என்பதற்காக ஓட்டை மறுப்பது சமத்துவத்துக்கும் ஊர் விட்டு ஊர் போகும் உரிமைக்கும் விரோதம், பட்டியலைச் சரிபார்க்க முப்பது நாள் தாராளமாகப் போதும் என்றது. அதே ஆண்டு மிசிசிப்பியின் ஒரு வருட நிபந்தனையும் கூட்டாட்சி நீதிமன்றத்தில் விழுந்தது. குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு 1970இலேயே அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இதைச் சட்டமாக்கியிருந்தது. பிறகு 1993இன் வாக்காளர் பதிவுச் சட்டம் கூட்டாட்சித் தேர்தல்களுக்கு 30 நாளையே உச்சவரம்பாக வைத்தது.

அப்படியானால் அந்த வரியை ஏன் அடிக்கவில்லை? நீதிமன்றம் ஒரு சட்ட வரியைச் செல்லாது என்று சொல்லலாம், அச்சிலிருந்து அழிக்க முடியாது. அழிக்க வேண்டுமானால் மிசிசிப்பியில் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும், பிறகு மக்கள் வாக்கெடுப்பு வேண்டும். செத்த வரிக்காக அத்தனை பாடு யாரும் படுவதில்லை. இப்படிச் செத்த வரிகள் அந்த ஆவணத்தில் இன்னும் உண்டு. கடவுள் ஒருவர் இருப்பதை மறுப்பவர் இந்த மாநிலத்தில் எந்தப் பதவியும் வகிக்கக் கூடாது என்கிறது 265ஆம் பிரிவு. 1961இல் மேரிலாந்து வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இத்தகைய நிபந்தனைகளைச் செல்லாதவை ஆக்கிவிட்டது. ஆனாலும் வரி இருக்கிறது. ஈரோட்டுக்காரர் யாராவது அங்கே குடிபோனால் பயப்பட வேண்டாம்.

ஆனால் அந்தக் குடியிருப்பு நிபந்தனை ஏன் எழுதப்பட்டது என்று தெரியாமல் இந்த ஆவணத்தைப் படித்தால் பாதிதான் புரியும். 1890இல் மிசிசிப்பி மக்கள்தொகையில் பாதிக்கு மேல் கறுப்பர்கள். உள்நாட்டுப் போருக்குப் பிறகு அவர்களுக்கு ஓட்டு வந்திருந்தது. வாக்குரிமை விதிகளில் 'இனம்' என்ற சொல்லை எழுதாமலே அந்த ஓட்டைப் பிடுங்கும் புது அரசமைப்பை எழுத ஒரு மாநாடு கூட்டினார்கள். 134 உறுப்பினர்களில் கறுப்பர் ஒரே ஒருவர், மவுண்ட் பேயு ஊரை நிறுவிய ஐசயா மான்ட்கோமரி. அவரும் ஆதரித்தே வாக்களித்தார் என்பது இன்றுவரை விவாதிக்கப்படும் விஷயம். மாநாட்டுத் தலைவர் நீதிபதி கல்ஹூன், நீக்ரோவை விலக்கத்தான் இங்கே கூடியிருக்கிறோம் என்று ஒளிக்காமல் சபையிலேயே சொன்னார். எழுதி முடித்ததும் மக்கள் வாக்கெடுப்புக்கு விடாமல் தாங்களே அமல்படுத்திக்கொண்டார்கள்.

விதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால் வெள்ளந்தியாகத்தான் தெரியும். நீண்ட குடியிருப்புக் காலம்: குத்தகைக்குப் பயிர் செய்யும் கறுப்புக் குடும்பங்கள் வருடத்துக்கு வருடம் பண்ணை மாறுபவை. கிறிஸ்தவப் போதகருக்கு மட்டும் ஆறு மாதம் போதும் என்று சலுகை. தலைவரி: வருடத்துக்கு இரண்டு டாலர். தொகை மட்டும் கொடுமையில்லை. அதைத் தேர்தல் ஆண்டின் பிப்ரவரி 1ஆம் தேதிக்குள், முந்தைய இரண்டு வருடத்துக்கும் சேர்த்துக் கட்டியிருக்க வேண்டும். கட்டியதற்கு அத்தாட்சியைத் தேர்தல் நாளன்று காட்டவும் வேண்டும். மரப்பலகைக் குடிசையில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒன்பது மாதம் மழையிலிருந்தும் கரையானிலிருந்தும் காப்பாற்றிப் பாருங்கள், விதியின் சூட்சுமம் புரியும்.

இந்தத் தலைவரி பற்றி ஒரு வழக்கு உண்டு. வகுப்பில் நான் தவறாமல் சொல்வது, 1896இல் மிசிசிப்பி உச்ச நீதிமன்றம் தீர்த்த ராட்லிஃப் எதிர் பீல். தலைவரி கட்டாதவரின் வீட்டுச் சாமானை ஜப்தி செய்யலாமா என்பது கேள்வி. கூடாது என்றது நீதிமன்றம். ஏழைக்கு இரக்கப்பட்டு என்று நினைத்துவிடாதீர்கள். இந்த வரி வசூலாக வேண்டும் என்பதற்காகப் போட்டதே அல்ல, ஓட்டுக்கு முட்டுக்கட்டையாகப் போட்டது, ஜப்தி செய்து வசூலித்துவிட்டால் நோக்கம் கெட்டுவிடும் என்பதே அதன் தர்க்கம். வரியை வசூலிக்காமல் இருப்பதற்காக ஒரு நீதிமன்றம் இவ்வளவு கவலைப்பட்டதை நான் வேறெங்கும் படித்ததில்லை. அதே தீர்ப்பு குற்றப் பட்டியலையும் விளக்கியது. கறுப்பர்கள் பெரும்பாலும் செய்வதாக வெள்ளையர்கள் நம்பிய திருட்டு, கன்னமிடுதல், தீவைப்பு, பொய் சொல்லிப் பொருள் வாங்குதல் எல்லாம் ஓட்டைப் பறிக்கும் குற்றங்கள் ஆயின. கொலையும் வழிப்பறியும் பட்டியலில் இல்லை. மூடி மறைக்காமல் தீர்ப்பிலேயே இதை எழுதியிருக்கிறார்கள். இரண்டு வருடம் கழித்து, 1898இல், வில்லியம்ஸ் எதிர் மிசிசிப்பி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த விதிகளில் இனம் என்ற சொல்லே இல்லையே என்று சொல்லி எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டது.

இதிலெல்லாம் எனக்கு மிகவும் உறுத்துவது 244ஆம் பிரிவு. 1890 வாசகப்படி வாக்காளர் அரசமைப்பின் எந்தப் பிரிவையும் வாசிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும், 'அல்லது' வாசித்துக் காட்டினால் புரிந்துகொள்ள வேண்டும், 'அல்லது' பொருத்தமான விளக்கம் தர வேண்டும். எழுத்தறிவில்லாத வெள்ளையர் உள்ளே வர அந்த 'அல்லது' கதவு. கறுப்பர்கள் பள்ளிக்கூடம் போய்ப் படிக்கத் தொடங்கிய பிறகு 1954இல் பிரிவைத் திருத்தினார்கள். வாசிக்கவும் வேண்டும், எழுதவும் வேண்டும், விளக்கவும் வேண்டும். 'அல்லது' போய் 'உம்' வந்தது, அவ்வளவுதான். 1954க்கு முன்பே பதிவானவர்களுக்கு இந்தச் சோதனை கிடையாது, அவர்களில் ஏறத்தாழ எல்லோரும் வெள்ளையர். சோதிப்பவர் கவுண்டி அலுவலகத்து எழுத்தர். 280க்கும் மேற்பட்ட பிரிவுகளில் எதைக் கேட்பது என்பது அவர் இஷ்டம். கடனுக்காகச் சிறை கிடையாது என்று ஒரே வரியில் முடியும் 30ஆம் பிரிவும் உண்டு, கம்பெனிகளின் வரிச்சலுகை பற்றிப் பத்தி பத்தியாகப் போகும் பிரிவுகளும் உண்டு. விண்ணப்பதாரர் அதைக் கையால் பார்த்து எழுதி, கீழே விளக்கமும் எழுதி, குடிமகனின் கடமைகள் பற்றி ஒரு குறிப்பும் எழுத வேண்டும். சரியா தப்பா என்பதும் எழுத்தர் இஷ்டம். 1962 முதல் விண்ணப்பித்தவர் பெயர் உள்ளூர்ப் பத்திரிகையில் இரண்டு வாரம் வெளியாகும். பண்ணையார் படிப்பார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

பக்கத்து லூசியானாவிலும் இதே சோதனை. 1965இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்த தீர்ப்பில் ஒரு விடைத்தாளை எடுத்துக் காட்டியது. வீட்டையும் உடைமையையும் காரணமின்றிச் சோதனையிடக் கூடாது என்ற பிரிவுக்கு ஒரு வெள்ளையர் எழுதிய விளக்கம்: 'ஃப்ர்டம் ஃபூஃப் ஸ்பெட்க்'. பேச்சுச் சுதந்திரம் என்று எழுத முயன்றிருக்கிறார் போல. கேட்ட பிரிவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. தேர்ச்சி! அந்த ஆண்டு வாக்குரிமைச் சட்டம் வந்தது. அதற்கு முன் மிசிசிப்பியில் வாக்களிக்கும் வயதுடைய கறுப்பர்களில் பதிவாகியிருந்தவர்கள் 6.7 சதவீதம், 1967இல் கிட்டத்தட்ட 60. மாநிலத் தேர்தல்களுக்கான தலைவரியை வர்ஜீனியா வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 1966இல் ஒழித்தது.

எல்லாம் பழங்கதை என்று நினைத்துவிட வேண்டாம். அதே 241ஆம் பிரிவில் குடியிருப்பு நிபந்தனை செத்துவிட்டது, குற்றப் பட்டியல் உயிரோடு இருக்கிறது. 1950இல் கன்னமிடுதலை நீக்கினார்கள், 1968இல் கொலையையும் பலாத்காரத்தையும் சேர்த்தார்கள். மற்றபடி 1890இன் பட்டியல்தான். மாநில அட்டர்னி ஜெனரல் தந்த விளக்கங்களால் இன்று அது 20க்கும் மேற்பட்ட குற்றங்களாக விரிந்திருக்கிறது. தண்டனையை அனுபவித்து வெளியே வந்தாலும் ஓட்டுத் திரும்பாது. ஆளுநரின் மன்னிப்பு வேண்டும், இல்லையென்றால் தண்டனை பெற்ற அந்த ஒருவருக்காக மட்டும் இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் மசோதா நிறைவேற்ற வேண்டும். போதைப்பொருள் விற்றவர் பட்டியலில் இல்லை, பெரிய தொகைக்குப் பணமில்லாத செக் கொடுத்தவர் இருக்கிறார். இந்தியாவில் இதற்கு நேர்மாறு. 1951 சட்டத்தின் 62(5) விசாரணைக் கைதியைக்கூட உள்ளே இருக்கும்வரை ஓட்டுப் போட விடாது, வெளியே வந்துவிட்டால் கொலைக் குற்றவாளியும் பூத்துக்குப் போகலாம்.

இனப் பாகுபாட்டில் பிறந்த பட்டியல் எப்படி நிற்கிறது? 1950லும் 1968லும் திருத்தியபோது பழைய கறை கழுவப்பட்டுவிட்டது என்பது கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் வாதம். 2022இல் முழு அமர்வு அதையே உறுதி செய்தது, 2023இல் உச்ச நீதிமன்றம் விசாரிக்க மறுத்தது. கொடூரமான தண்டனை என்ற வேறொரு வாதத்தில் 2023இல் மூன்று நீதிபதி அமர்வொன்று வாக்குரிமையைத் திருப்பித் தந்தது, 2024இல் முழு அமர்வு அதைக் கவிழ்த்தது. கறை கழுவப்பட்டது என்ற வாதம் எனக்கு ஒப்பவில்லை. ஒன்றை எடுத்து இரண்டைச் சேர்த்ததால் மிச்சம் எட்டும் சுத்தமாகிவிடுமா? ஆனால் இது என் கருத்து. அங்கே இன்றைய சட்டம் பட்டியல் செல்லும் என்பதே.

ஒரு விதி கண்ணெதிரே செத்ததும் உண்டு. ஆளுநராக வெல்ல மொத்த வாக்கில் பாதிக்கு மேலும், கீழவைத் தொகுதிகளில் பாதிக்கு மேலும் பெற வேண்டும், இல்லையேல் கீழவையே தேர்ந்தெடுக்கும் என்பதும் 1890இல் வந்ததுதான். 1999இல் யாரும் பாதி வாக்கைத் தாண்டவில்லை, 122 தொகுதிகள் 61க்கு 61 என்று பிரிந்தன, அவை கூடி ரானி மஸ்குரோவைத் தேர்ந்தெடுத்தது. 2020 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பில் இந்த விதியை நீக்கினார்கள். இப்போது யாருக்கும் பாதி கிடைக்காவிட்டால் மறு சுற்று. உங்கள் அக்கா மகனுக்கே அந்தப் பதவி ஆசை இருந்தால், 117ஆம் பிரிவு குடியுரிமை பெற்று 20 வருடம் ஆகியிருக்க வேண்டும் என்கிறது. அது உயிருள்ள வரி.

இனி அவர் செய்ய வேண்டியது. குடியிருப்பு என்பதை அங்கே நீதிமன்றங்கள் 'நிலையான வீடு' என்ற பொருளில் எடுத்துக்கொள்கின்றன. உடல் அங்கே இருக்க வேண்டும், தங்கும் எண்ணமும் இருக்க வேண்டும். வாடகை வீடு போதும். ஆறு மாத ஒப்பந்தத்தில் போயிருக்கிறார், குடும்பம் டெக்சாசில் இருக்கிறது என்றால்தான் சிக்கல். அப்போது எது வீடு என்பதை அவர்தான் நேர்மையாகத் தீர்மானிக்க வேண்டும், இரண்டு இடத்திலும் ஓட்டுக் கூடாது. ஓட்டுப் போடப் போகும்போது புகைப்பட அடையாளம் கட்டாயம், 2011 வாக்கெடுப்பில் அரசமைப்பிலேயே சேர்த்த விதி அது. அமெரிக்கப் பாஸ்போர்ட் செல்லும்.

மனைவி விஷயத்தில் சந்தேகத்துக்கே இடமில்லை. கிரீன் கார்டு வைத்திருப்பவர் பதிவு செய்யவே கூடாது. ஓட்டுநர் உரிமம் வாங்கப் போகும் இடத்தில் வாக்காளராகப் பதிவு செய்துகொள்கிறீர்களா என்று கேட்பார்கள், தலையாட்டிப் பழகிய நம் ஆட்கள் 'ஆமாம்' என்று டிக் அடித்துவிடுவார்கள். குடிமகன் என்று பொய்யாகச் சொன்னதாகவே அது பதிவாகும். 1996 சட்டங்களுக்குப் பிறகு நாடு கடத்தும் அளவுக்கு அது போகலாம், குடியுரிமை நேர்காணலில் முதல் கேள்வியாகவும் வரலாம்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. அமெரிக்கக் குடியுரிமை எடுத்த அன்றே இந்தியக் குடியுரிமை போய்விட்டது. வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்த நம்மவர்களுக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டைக்கு ஓட்டு இல்லை. ஊரில் பட்டியலில் அவர் பெயர் இன்னும் இருந்தால் படிவம் 7 கொடுத்து நீக்கச் சொல்லுங்கள், உங்கள் பகுதி பி.எல்.ஓ. வாங்கிக்கொள்வார். மிசிசிப்பிப் படிவத்திலும் இதற்கு முன் எங்கே பதிவாகியிருந்தீர்கள் என்று ஒரு கட்டம் இருக்கும். பலர் அதைக் காலியாக விட்டுவிடுவார்கள். டெக்சாஸ் முகவரியை அதில் முழுசாக எழுதச் சொல்லுங்கள், அங்கே பெயரை அடிக்க அது உதவும்.